நாற்காலி இருந்த இடம்

1998 ஆகஸ்ட் 9, ஞாயிறு

புது நோட்டு. முதல் பக்கத்திலேயே எல்லா விவரத்தையும் எழுதிவிடுவது என் வழக்கம். முப்பத்தோரு வருடம் ஜூன் மாதந்தோறும் வருகைப் பதிவேடு எழுதிய கை, சும்மா இருக்காது.

எழுதுபவள்: வடிவு, வயது ஐம்பத்தாறு. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர், கடைசி ஐந்து வருடம் தலைமையாசிரியை. இரண்டு வருடம் மீதி இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. எழுதும் இடம்: சண்டிகர், இருபத்திரண்டாம் செக்டர், அரசாங்கக் குடியிருப்பு. உடன் இருப்பவர்: என் கணவர் உலகநாதன். இந்த ஊரைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அறுபத்து மூன்றில், கட்டடக்கலை அலுவலகத்துக்கு டிராப்ட்ஸ்மேனாக வந்தவர். அக்டோபர் 31 அவருக்கும் ஓய்வு.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். மாமியார் ஊரை விட்டு வரமாட்டேன் என்றார்கள், எனக்கு வேலை அங்கே, மகள் மங்கையின் படிப்பும் அங்கே. வருடத்துக்கு நாற்பது நாள் லீவில் இவர் வருவார். கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது நாலு வருடம்கூட இல்லை. மாமியார் போன வருடம் காலமாகிவிட்டார்கள். மங்கை ஓசூரில் குடும்பமாக இருக்கிறாள். ஆகவே வந்துவிட்டேன். ஓய்வு பெற்றதும் இவரை ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

ஸ்டேஷனில் ரயில் பெட்டிக்கு நேராகத்தான் நின்றிருந்தார். பக்கவாட்டிலிருந்து கையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். கவனிக்கவில்லை. தோளைத் தட்டிய பிறகு, "வந்துட்டியா?" என்றார். பதினோரு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டிக்கு இவ்வளவுதான் வரவேற்பு.

வீடு செங்கல் தெரியக் கட்டியது, பூச்சு இல்லை. செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய ஒரு சுவர் வழியாக வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுகிறது. அது அழகு. நாற்காலிகள்தான் கொடுமை. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், காம்பஸை விரித்துக் கவிழ்த்த மாதிரி கால்கள். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"இது நாற்காலியா, பள்ளமா?" என்றேன்.

"இந்த ஊருக்குன்னே செஞ்ச நாற்காலி வடிவு. ஆபீஸ்ல கழிச்சுப் போட்டப்ப நான் எடுத்துட்டு வந்தேன். இதோட அளவு வரைபடத்த எத்தனை தடவ வரைஞ்சிருப்பேன் தெரியுமா? கால் அங்குலம் மாத்தினாலும் இது வேற நாற்காலி ஆயிரும்."

மாறினால் நல்லதுதானே என்று சொல்ல வந்தேன். முதல் நாள் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கறிவேப்பிலை எங்கும் இல்லை. கறிவேப்பிலை இல்லாத ரசத்தை ரசம் என்று எழுத மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மார்க்கெட் போய்த் திரும்பி வரும்போது வழி தவறிவிட்டேன். தவறினேன் என்பதும் பிசகு. எல்லாத் தெருவும் ஒரே நேர்கோடு, எல்லா வீடும் ஒரே வீடு. செங்கோணமும் இணைகோடும் கரும்பலகையில் நன்றாகத்தான் இருந்தன, அதற்குள் குடியிருப்பது வேறு. அடுத்தவர் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய், செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன்.

அந்த வீட்டம்மாதான் கையைப் பிடித்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஹர்பன்ஸ் கௌர். அடுத்த வீடு. ஐம்பது வயதுக்குள் இருக்கும், கணவர் இல்லை, மகன் ராணுவத்தில். நான் பிரசார சபையில் படித்த ஹிந்தியில் "மிகவும் நன்றியுடையவள் ஆவேன்" என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் தோட்டத்தில் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. வெறும் நிழலுக்கு வளர்க்கிறாராம்!

இவரிடம் சொன்னேன். "இந்த ஊர்ல தொலைஞ்சு போறதுக்கும் ஒரு தெறமை வேணும்" என்றார். ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரே ஜாதி மரம்தான் நட்டிருக்கிறார்களாம். மரத்தை வைத்து ரோட்டைச் சொல்லலாமாம். சாயங்காலம் நடந்தபோது நான் சோதித்துப் பார்த்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, காலில் மிதிபட்ட சருகை வைத்தே சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே சீராக அடி வைக்கிறார். டிராப்ட்ஸ்மேன் நடையிலும் ஸ்கேல் வைத்திருப்பார் போல.

ஆகஸ்ட் 20, வியாழன்

காலையில் காபியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்கவில்லை. கை வலித்தது. "என்னங்க" என்ற பிறகுதான் திரும்பினார். முப்பத்தைந்து வருடம் தனியாக இருந்த மனிதருக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்பது உறைப்பதில்லை. பழகும். நான் ஒரே வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகளைப் பழக்கியவள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார், காலையும் மாலையும். கேட்டால், "இங்க தூசி ஜாஸ்தி."

எனக்குத் தூசி ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

ஆறரை மணிக்கு இவர் பால் வாங்கித் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன். மழை பெய்து தண்ணீர் தேங்கியிருந்தது. ஹர்பன்ஸ் கௌர் எதிரே வந்தார். மிக இயல்பாக இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டின் இந்தப் பக்கம் வரும்வரை விடவில்லை. "வீர்ஜி, வீர்ஜி" என்று ஏதோ சொல்கிறார், இவர் சிரிக்கிறார். என்னிடம் இவர் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த ஊர்ப் பழக்கம் அப்படி இருக்கும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

கறிவேப்பிலை இல்லாமலும் ரசம் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 2, புதன்

ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பதையும், மச்சுப்படிக்குப் புதுக் கைப்பிடி போடச் சொன்னதையும் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றார்.

"என்னத்தப் பாக்க? அக்டோபர் முப்பத்தொண்ணு பாக்குறதுக்குள்ள வந்துரும்."

"வரட்டும். பாக்கலாம்."

ஒன்பதாம் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தால் பெற்றோரை அழைத்து வரச் சொல்வேன். இவருக்கு யாரை அழைப்பது?

மங்கை போனில், "அம்மா, அப்பாவுக்கு அங்க ஏதோ பிடிப்பு இருக்கு போல" என்றாள். பிடிப்பு என்பதைத் தவிர வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 10, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். ஒரு மாதமாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த முன் அறையை மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் உட்காரும் நாற்காலி வாசலுக்கு நேராக, பொருட்காட்சியில் வைத்த மாதிரி நின்றது. அதை ஜன்னலடிக்கு நகர்த்தினேன். நீள பெஞ்சைச் சுவரிலிருந்து இழுத்துக் குறுக்கே போட்டேன். எழுத்து மேசை வெளிச்சத்துக்கு வந்தது. தேக்கு என்ன கனம் கனக்கிறது! இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் இப்போதுதான் இது ஒரு பொம்பளை இருக்கும் வீடு மாதிரி இருக்கிறது.

ஐந்தே முக்காலுக்கு வருவார். கேசரி கிளறி வைத்திருக்கிறேன். என்ன சொல்கிறார் பார்ப்போம்.

செப்டம்பர் 11, வெள்ளி

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்று ஐந்தே முக்காலுக்குக் கேட் திறந்த சத்தம் கேட்டது. நான் கேசரித் தட்டுடன் அடுக்களை வாசலில் நின்றேன், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க. செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். நாலு எட்டு வைத்தார், வழக்கம்போல. நின்று திரும்பினார், வழக்கம்போல. என்னைப் பார்த்து, "நெய் வாசம் வருது?" என்றார். சிரித்த முகம். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அங்கே நாற்காலி இல்லை.

நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். இன்னும் வெயில் போகவில்லை. அறையில் அவ்வளவு வெளிச்சம். ஒரு மனிதர் வெறும் காற்றின் மேல் அவ்வளவு நம்பிக்கையோடு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இடது கையை ஊன்றியபடி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்து, குறுக்கே கிடந்த பெஞ்சில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

என் கூச்சலுக்கு ஹர்பன்ஸ் கௌர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் இவரைப் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தார்.

"நாற்காலியை யார் நகர்த்தியது?"

"நான்தான்."

"பெஹன்ஜி, நீங்களா? உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தரையில் கிடந்த இவர், "ஹர்பன்ஸ், வேண்டாம்" என்று ஹிந்தியில் சொன்னார். என் ஹிந்தி அதற்குப் போதும்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போடும்போது, வராந்தாவில் வைத்து ஹர்பன்ஸ் கௌர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் வியாதி. ஆறு வருடமாக. கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்களைத் தின்றுகொண்டு வருகிறது. நேரே வைத்தால் பேப்பர் படிப்பார், கோடு வரைவார். பக்கத்தில் இருப்பது தெரியாது, கீழே இருப்பது தெரியாது. ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி. இரண்டு வருடமாக ஆபீசில் பழைய வரைபட அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எந்த இழுப்பறையில் எந்த வரைபடம் என்று அவருக்குக் கையே சொல்லும்.

தெருவுக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். மழைத் தண்ணீர் தேங்கினால் யாராவது முழங்கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட விடுவார்கள். வீர்ஜி என்றால் அண்ணன்.

எனக்கு மட்டும் தெரியாது.

ஆறு வருடமாக ஊருக்கு வரும்போதெல்லாம் வாசல்படி இறங்காமல் உட்கார்ந்தே இருப்பார். ரெஸ்ட் எடுக்கிறார் என்று நினைத்தேன். கோவிலுக்கு வரமாட்டார், சாமி கும்பிடுவதில் மனம் இல்லை என்று நினைத்தேன். ஒரு பையன் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அடுத்த நாளே அவன் அப்பாவைக் கூப்பிட்டுக் கண்ணாடி வாங்கித் தரச் சொன்ன டீச்சர் நான்.

கேசரியை எறும்பு மொய்த்துவிட்டது. கொட்டினேன்.

அறையைப் பழையபடி போட்டுவிட்டேன். தரையில் நாற்காலிக் கால்கள் நின்ற இடத்தில் நாலு வெளுத்த அடையாளம் இருந்தது. அதில் அப்படியே பொருத்தினேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

நான் அவரோடு பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அது பேச்சில் சேராது.

செப்டம்பர் 17, வியாழன்

ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை அவரால். போட்டுவிட்டேன். தலையும் வாரிவிட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் இவர் தலைமுடியைத் தொட்டது எத்தனை தடவை இருக்கும்? இத்தனை மெல்லியது என்று எனக்குத் தெரியாது. வகிடு எடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஏன் சொல்லல?"

கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தொண்ணூத்தி ரெண்டுல டாக்டர் சொன்னாரு. அந்த மாசம்தான் நீ எழுதியிருந்த, ஹெச்.எம். லிஸ்டுல உன் பேரு வந்திருக்குன்னு. மூணு பக்கம் எழுதியிருந்த. நீ எனக்கு மூணு பக்கம் எழுதினது அந்த ஒரு தடவதான். இதச் சொன்னா அடுத்த ரயில்ல வந்து நிப்ப. வேலையும் போயிரும், அம்மாவையும் பாக்க ஆள் இருக்காது."

"அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் இருந்துச்சே."

"அதுக்கப்புறம் பயமாயிட்டு. இவ்வளவு நாளா சொல்லாதவன் இப்ப எப்படிச் சொல்ல? ஒவ்வொரு வருஷமும் இந்த லீவுல சொல்லீரணும்னு நெனச்சுத்தான் ரயில் ஏறுவேன்."

சீப்பைக் கீழே வைத்தேன்.

"ஸ்டேஷன்ல நான் கைய ஆட்டினேன்."

"தெரியல. நீ கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு நின்னேன். குரல் கேட்டா போதும், திரும்பிருவேன்ல. நீ கூப்பிடவே இல்லயே."

அழவில்லை நான். மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது.

செப்டம்பர் 18, வெள்ளி

இனி பக்கத்திலிருந்து காபி நீட்டுவதில்லை. நேரே முன்னால் போய் நின்று நீட்டினேன். முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

"என்ன பாக்குதீங்க?"

"ஒண்ணுமில்ல. நேரா வந்து நின்னா உன் முகம் முழுசும் தெரியுது" என்றார்.

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேனாம். குடித்து முடித்துவிட்டுத்தான் சொல்கிறார்.

செப்டம்பர் 24, வியாழன்

ஹர்பன்ஸ் கௌர் வீட்டில் கறிவேப்பிலை பறித்துத் திரும்பினால் முன் அறையில் ஒரு தச்சர் உட்கார்ந்திருக்கிறார். இவர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, காலடியில் ஒட்டுக்கட்டை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றரை அங்குலம் உயரம். நாலு கட்டைக்கும் சாய்வு அறுக்க வேண்டும். ஒற்றைக் கையால் பென்சிலில் கோடு போட்டுக் காட்டினார். கோடு இன்னும் கம்பி மாதிரி நேராக இருக்கிறது.

"கால் அங்குலம் மாத்தினா வேற நாற்காலி ஆயிரும்னீங்க?"

"ஆகட்டும். உன் முழங்காலுக்கு இது போதுமான்னு உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். யாரும் கை கொடுக்காமல் எழுந்தேன். தச்சருக்கு டீ போட்டுக் கொடுத்தேன், இரண்டு தடவை.

அக்டோபர் 5, திங்கள்

கண் டாக்டரிடம் முதல் முறையாக நானும் போனேன். இளவயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெட்டிக்குள் வரும் புள்ளிகள் தெரியாது. இவர் அழுத்தும் பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட இடைவெளிகள். அழுத்துங்க, அழுத்துங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெளியே நின்று சொல்வது மாதிரி.

முடிவைத் தாளில் அச்சடித்துத் தந்தார்கள். வரைபடம் என்றால் எனக்கு யாரும் விளக்க வேண்டாம். முழுக்கக் கறுப்பு, நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளை.

"போனது திரும்பாதும்மா. இருப்பதைக் காப்பாற்றலாம். மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. பழகிய இடத்தில் இருந்தால் இவர் நன்றாகவே இருப்பார்" என்றார் டாக்டர்.

பழகிய இடம்.

அக்டோபர் 12, திங்கள்

பாளையங்கோட்டை வீட்டை மனசுக்குள் நடந்து பார்த்தேன். ரோட்டிலிருந்து ஐந்து படி, ஒன்று போல் ஒன்று இல்லை. பகலிலும் விளக்குப் போட வேண்டிய ரேழி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாசல்கட்டை. முற்றத்தில் இறக்கம். வெளியே வந்தால் திறந்த சாக்கடை, வளைந்த சந்து, முக்குக்கு முக்கு மாடும் ஆட்டோவும். அங்கே ஒரு நாற்காலியில் இவரை உட்கார வைத்துவிடலாம். உட்கார்ந்தே இருப்பார். சொன்னால் சொன்னபடி கேட்பார்.

இங்கே மனிதர் ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகிறார்.

ஆனால் எனக்கும் ஒரு வீடு உண்டுதானே? காலையில் தெப்பக்குளத்துப் பக்கம் நடந்தால் பத்துப் பேர் "வணக்கம் டீச்சர்" என்பார்கள். என் அக்கா இரண்டு தெரு தள்ளி. ரிடையர் ஆனால் செய்யலாம் என்று ஒதுக்கி வைத்த காரியங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இங்கே எனக்கு யாரைத் தெரியும்? என் ஹிந்தியைக் கேட்டுக் காய்கறிக்காரர் சிரிக்கிறார்.

எப்படிப் போட்டாலும் விடை ஒரே பக்கம்தான் வருகிறது. வெங்காயம் அரிந்தேன். ஒரு கிலோ. சாம்பாருக்கு இவ்வளவு எதற்கு என்று இவர் கேட்கவில்லை.

அக்டோபர் 19, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துவிடும்போது சொன்னேன்.

"அக்காவுக்கு எழுதிட்டேன். ஊர் வீட்ட வாடகைக்கு விட்டுரச் சொல்லி."

தலையைத் திருப்பினார். எண்ணெய் என் சேலையில் வழிந்தது.

"வடிவு, என் கண்ணுக்காக நீ இப்படி..."

"உங்க கண்ணுக்காக ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

சொல்லத் தெரியவில்லை. இந்த ஐம்பத்தாறு வயதில் இதை எந்த வார்த்தையில் சொல்வது?

"கறிவேப்பிலைக்காக. அங்க எங்க இப்படி ஓசியில மரமே கெடைக்கும்?"

கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அன்று மழைத் தண்ணீரில் ஹர்பன்ஸ் கௌரிடம் சிரித்ததைவிட இது பெரிய சிரிப்பு. ஒப்பிட வேண்டும் என்று ஒப்பிடவில்லை, கண்ணில் பட்டது.

"அங்க நீங்க வரத்தான் பயந்தீங்களா? எங்கூட இருக்கப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

"அங்க வந்தா நான் ஒரு மூலையில வச்ச பண்டம் வடிவு. நீ என்னைப் பாத்துக்கிடுவ. எனக்கு உன்னோட இருக்கணும். நீ பாத்துக்கிடுற நோயாளியா வேண்டாம்."

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் குளிக்கச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 26, திங்கள்

சனிக்கிழமை மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. கை இளைத்திருக்கிறது, ஆனால் அசைகிறது.

வீடு கிடைத்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், இருபத்தொன்றாம் செக்டரில், கீழ்த்தளம். மாடியில் வயதான தம்பதி, அவர்கள்தான் சொந்தக்காரர்கள். இந்தக் குடியிருப்பில் இன்னும் சில மாதம் இருக்க அனுமதி உண்டு. ஆனால் டிசம்பர் பனிமூட்டம் வருவதற்குள் புது வீட்டைப் பழகிவிட வேண்டும் என்கிறார் இவர்.

நான் டேப்போடு போய் ஒவ்வொரு சுவரையும் அளந்து வந்தேன். கண் சரியில்லாதவருக்குப் பெரிதாக வேண்டும் என்று நாலு சார்ட் பேப்பரை ஒட்டி, மேசை நிறைய வீட்டின் படத்தைப் போட்டேன். இரண்டு நாள் வேலை. பெருமையாக விரித்தேன். குனிந்து, தலையை இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். வயலில் நாற்று எண்ணுகிறவர் மாதிரி.

"நல்லாயிருக்கு. ஆனா இவ்வளவு பெரிசு வேண்டாம். சின்னதாப் போடு. என் கண்ணுக்குள்ள முழு வீடும் ஒரேயடியா அடங்கணும்."

எனக்கு இது தோன்றவே இல்லை. எலுமிச்சம்பழம்! நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தபால் கார்டு அளவில் மறுபடி போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார்.

"சுவரு ஒத்தக் கோடா? ஒத்தக் கோட்டுல வீடு நிக்குமா? கனம் குடு."

கொடுத்தேன்.

"கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?"

"கதவு கதவுதானே? உள்பக்கம்தான்."

"உள்பக்கம்னா இடதா, வலதா? அது தெரியாம நான் மூக்க ஒடச்சுக்கிடவா?"

கண்ணை மூடி யோசித்து ஏழு கதவுக்கும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் காம்பஸால் ஒரு கால்வட்டம் போடக் கற்றுக்கொடுத்தார். காம்பஸ் எனக்குத் தெரியாததா? ஆனால் வீட்டுக்குள் ஒரு கதவு திறக்கும் வழியை நான் வரைந்ததில்லை.

பிறகு சாமான்கள். நாற்காலி, பெஞ்சு, மேசை, கட்டில் எல்லாவற்றையும் அதே அளவில் சிறு காகிதத் துண்டுகளாக வெட்டினேன்.

"உங்க நாற்காலி எங்கன இருந்தா வசதி?" என்றேன்.

"இத்தன வருஷம் என் வசதிக்குப் போட்டாச்சு. நீ வை. நீ வச்ச எடத்த நான் படிச்சுக்கிடுதேன்."

தெற்கு ஜன்னலடியில் இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குளிர்காலத்தில் அங்கேதான் வெயில் வரும். அப்புறம் நினைத்து, ஒன்றை மட்டும் திருப்பி, எதிரும் புதிருமாக வைத்தேன். நேரே இருந்தால்தானே தெரியும்.

விரலால் தடவிப் பார்த்தார். என் கையைத் தாளோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

அக்டோபர் 31, சனி

ஓய்வு. மாலை போட்டு, ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார், அத்தனை பேர் முன்னாலும். வெட்கமாகப் போயிற்று. கழற்றவில்லை.

நவம்பர் 5, வியாழன்

காலையிலிருந்து படத்தை ஒப்பிக்கிறார். "வாசல்லேருந்து ஆறு எட்டு, இடது பக்கம் ஜன்னல்..." நான் குறுக்குக் கேள்வி கேட்கிறேன். இரண்டு தப்பு. மறுபடி படிக்கச் சொன்னேன்.

நவம்பர் 8, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். காலை ஒன்பதுக்குள் பால் காய்ச்ச வேண்டும். ஹர்பன்ஸ் கௌர்தான் அடுப்பைப் பற்றவைத்து, பாலை ஏற்றி, பக்கத்தில் நின்றார். சாமான்கள் நேற்றே வந்து, படத்தில் உள்ளபடி அங்குலம் பிசகாமல் நிற்கின்றன. நான் டேப் வைத்துச் சரிபார்த்தேன்.

இவர் கேட்டருகே நின்றார். நான் கையை நீட்டினேன். "வேண்டாம், நீ உள்ள போயி நில்லு" என்றார்.

உள்ளே போய் நின்றேன். ஆறு எட்டு. ஜன்னல் பக்கம் திரும்பினார். நாற்காலியின் கைப்பிடியை விரல் நுனியால் தொட்டுவிட்டு, அடுக்களை வாசல், கட்டில் அறை, குளியலறை என்று ஒவ்வொன்றாகப் போய் வந்தார். எல்லாக் கதவும் நான் போட்ட பக்கமே திறந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கிப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் இப்படிக் கைதட்டத் தோன்றியதில்லை.

பின்கட்டுக் கதவைத் திறந்து ஓர் எட்டு வைத்தார். தடுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு படி. நாலு அங்குலம். நான் போட மறந்த படி.

"ஐயோ" என்று ஓடினேன். "அளந்தேனே, எல்லாம் அளந்தேனே... இது எப்படி..."

"ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. எனக்கு ஒண்ணும் ஆகல வடிவு." காலால் படியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "மொத மொதல்ல போட்ட படத்துல ஒரு தப்புக்கூட இல்லேன்னா எனக்கு என்ன மரியாத? அத எடுத்துட்டு வா."

அந்தப் படியிலேயே இருவரும் உட்கார்ந்தோம். நான் பென்சிலால் படியைப் போட்டேன், பக்கத்தில் நாலு அங்குலம் என்று எழுதினேன். வாங்கி, வெயிலில் பிடித்து, முழு வீட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

"கீழ பேரு எழுது. வரைஞ்சவங்க பேரு இல்லாம படம் செல்லாது."

வரைந்தவர்: வடிவு, என்று எழுதினேன்.

பென்சிலை வாங்கினார். அதன் கீழே, சரிபார்த்தவர்: உலகநாதன், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து தாளின் ஓரத்தைத் தாண்டி என் முழங்கால் சேலையில் போய் முடிந்தது. நான் சொல்லவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை முழங்காலை அசைக்காமல் வைத்திருந்தேன்.

அப்போது அடுக்களையிலிருந்து ஹர்பன்ஸ் கௌரின் அலறல், நான் உள்ளே ஓடினேன். மாடி வீட்டம்மாவோடு ஒரு நிமிடம் பேசப் போயிருக்கிறார், பால் பொங்கி அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் வழிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பாவம், அவர் கண்ணில் தண்ணீர். "முதல் நாளே பாலைக் கொட்டிவிட்டேனே பெஹன்ஜி, மன்னித்துவிடுங்கள்" என்கிறார்.

எங்கள் ஊரில் இதற்குத்தான் பாலே காய்ச்சுவோம் என்று சொல்லப் பார்த்தேன். என் ஹிந்திக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. "என்னங்க, நீங்க சொல்லுங்களேன்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டேன்.

"இதோ வாரேன்" என்றார். யாரும் பிடிக்காமல் படியேறி வந்தார்.